செட்டிநாட்டு வெயிலுக்கு எவ்வளவு நீள ஓடுதளம் வேண்டும்?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ கிளம்புகிறவர்கள், கார் பிடித்துப் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போவார்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மதுரைக்குப் போனாலும் தூரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் செட்டிநாட்டிலேயே ஒரு விமானத் தளம் இருந்தது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், அரசு கால்நடைப் பண்ணை இருக்கும் பகுதியில் அதன் தடம் இன்னும் கிடக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. வங்கக் கடலைக் கடந்து போர் வந்துவிடும் என்ற நிலையில் சூலூர், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு என்று தென்னிந்தியாவில் வரிசையாக ஓடுதளங்கள் எழுந்தன. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டார், நிலத்தையும் கடையையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எந்தப் போர் அவர்கள் சொத்தைப் பறித்ததோ, அந்தப் போர்தான் அவர்கள் ஊரில் ஓடுதளத்தைப் போட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

போர் முடிந்ததும் தளம் உறங்கிவிட்டது. சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2016இல் உடான் திட்டம் வந்த பிறகு, இதையும் திறக்கவேண்டும் என்ற குரல் வலுத்தது. சரி, திறப்பதென்றால் என்ன வேண்டும்? எல்லோரும் முதலில் கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். நான் ஓடுதளத்தின் நீளத்தைத்தான் முதலில் கேட்பேன். அந்த நீளத்தை முடிவு செய்வதில் நம் ஊர் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

விமானத்தின் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது; காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. தள்ளுவதற்குக் காற்று கனமாக இருந்தால் வேலை சுலபம். கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. அதே காற்று 38 டிகிரிக்குச் சூடானால் 1.13 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் வித்தியாசமே தெரியாது. விமானத்துக்குத் தெரியும். மெலிந்த காற்றில் அதே தூக்குவிசை கிடைக்க இன்னும் வேகமாக ஓடவேண்டும். ஆனால் எஞ்சினுக்குள் போவதும் அதே மெலிந்த காற்றுதான்; அதனால் எஞ்சினின் உந்துவிசையும் குறையும். வேகம் கூடுதலாக வேண்டும், அதைத் தரும் சக்தியோ குறைவு. இரண்டு பக்கமும் அடி.

இதற்குப் பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஓடுதளத்தை ஒரு சதவீதம் நீட்டு. ஏறத்தாழ 70 பேர் உட்காரும் ஏடிஆர் 72 விமானம், முழு எடையோடு எழும்ப 15 டிகிரியில் சுமார் 1,300 மீட்டர் போதும். சித்திரை வெயிலை 38 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 23 சதவீதம் கூட்டவேண்டும்: 1,600 மீட்டர். கொஞ்சம் கைகாவலும் சேர்த்தால் 1,800 என்று வைத்துக்கொள்ளலாம். ஏடிஆர் விமானங்கள் வந்துபோகும் சேலத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் என்றால் கதையே வேறு. அதற்குக் குளிர்ந்த காற்றிலேயே 2,100 மீட்டர் வேண்டும். நம் வெயிலில் 2,500ஐத் தாண்டும். மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர்தானே, அங்கே எப்படி எழும்புகிறது? சென்னைக்குப் போகும் விமானத்துக்கு எரிபொருள் தொட்டியை நிரப்பவேண்டியதில்லை. எடை குறைந்தால் ஓட்டமும் குறையும்.

வெயில் எடுப்பதைக் காற்று திருப்பிக் கொடுக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். விமானிக்கு அந்தக் காற்று நண்பன். மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானம், 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் தரையில் 190 எட்டினாலே போதும். ஓட்டத்தின் நீளம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஏறத்தாழ 18 சதவீதம் மிச்சம். திருச்சி, மதுரை இரண்டிலும் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கும் முனையில் 09, மேற்கு நோக்கி ஓடத் தொடங்கும் முனையில் 27 என்று பெரிதாக எழுதியிருக்கும். 90 டிகிரி, 270 டிகிரி. கடைசிச் சுழியத்தை விட்டுவிடுவது வழக்கம். ஆடியில் மேற்குக் காற்றை எதிர்த்து 27, வாடை வீசும் மார்கழியில் பெரும்பாலும் 09.

அப்புறம் தண்ணீர். செட்டிநாட்டு வீடு கூரையில் விழும் மழையையும் வீணாக்காது, ஊர் தரையில் விழுவதை வாய்க்கால் வழியே ஊருணிக்கு அனுப்பும். ஓடுதளமும் அதே புத்தியோடுதான் கட்டப்படுகிறது. நடுவில் முதுகு, இருபுறமும் 1.5 சதவீதச் சரிவு. 30 மீட்டர் அகலத் தளத்தில் நடுமுதுகு விளிம்பைவிட 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருக்கும். சில மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே, வேகமாக வரும் சக்கரம் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் வழுக்கும், பிரேக் பிடிக்காது. எண்பது வருடப் பழைய தளத்தில் வெடிப்பும் வேரும் இந்தச் சரிவைக் கெடுத்திருக்கும் என்பதால், பழையதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டுத் திறந்துவிட முடியாது.

தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் ஓடுதளத்தின் எந்த மூலையையும் எட்டவேண்டும். பறவைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். இதே சிவகங்கை மாவட்டத்தில்தான், பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத வேட்டங்குடி மக்கள் இருக்கிறார்கள். மணிக்கு 250 கிலோமீட்டரில் வரும் விமானத்தின்மீது ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதுவது, அதே எடைக் கல் சுமார் 245 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான உயரம். ஊருணிகளும் கண்மாய்களும் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

ஓடுதளம் முடிகிற இடத்தில் நிலம் முடிந்துவிடக்கூடாது. இந்த விதி செட்டிநாட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954 மார்ச் 13 அன்று அவர் வந்த விமானம் சிங்கப்பூர் கல்லாங் நிலையத்தில் தாழ்வாக இறங்கி, ஓடுதளத்துக்கு முன்னாலிருந்த சுவரில் சக்கரம் இடித்து, கவிழ்ந்து எரிந்தது. அவரும் இறந்துபோனார். இன்று ஓடுதளத்தின் இரு முனைகளுக்கும் அப்பால் முதலில் 60 மீட்டர், அதற்கும் அப்பால் 240 மீட்டர் வெற்றுநிலம் விடச் சொல்கிறார்கள். 1,800 மீட்டர் ஓடுதளத்துக்கு 2,400 மீட்டர் இடம். ஓடுதளத்தின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். சரியான மூன்று டிகிரிச் சரிவில் இறங்கினால் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் வெள்ளை என்றால் விமானம் உயரத்தில் வருகிறது. நான்கும் சிவப்பானால் அன்று கல்லாங்கில் வந்ததைப் போலத் தாழ்ந்து வருகிறது. விமானி உடனே மேலே ஏற்றியாகவேண்டும்.