நோன்பு நாளும் சர்க்கரை மருந்தும்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் மருத்துவம் பார்க்கும் எனக்கு, பெரிய வெள்ளியும் உபவாச ஜெப நாள்களும் நெருங்கும்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகளைக் குறித்த கவலை வந்துவிடுகிறது. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு மாலைவரை ஒன்றும் உண்ணாமல் ஆலயத்தில் அமர்பவர்களும், இன்சுலினையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. உண்டால் ஆண்டவர் கோபிப்பார் என்று அவர்கள் மெய்யாகவே அஞ்சுகிறார்கள். அந்தப் பக்தியை மதிப்பதால்தான் வேதத்தை முன்வைத்தே பேச விரும்புகிறேன்.

ஏழாம் மாதம் பத்தாம் தேதியாகிய பாவநிவாரண நாளில் தன்னைத் தாழ்மைப்படுத்தாதவன், அதாவது நோன்பிருக்காதவன், ஜனத்தாரில் இராதபடி அறுப்புண்டுபோவான் என்று லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. இத்தனை கடுமையான கட்டளையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த யூதர்களின் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, ஏறத்தாழ கி.பி. 200-இல் உருவானது; அந்நாளிலும் நோயாளிக்கு மருத்துவம் அறிந்தவர்களின் சொற்படி உணவளிக்க வேண்டும் என்றும், அவர்கள் இல்லாவிடில் அவர் கேட்டபடியே அளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கொடும்பசி தாக்கியவனுக்குக் கண் தெளியும்வரை, விலக்கப்பட்ட உணவாயினும் கொடுக்கலாம் என்கிறது. சர்க்கரை தாழ்ந்து பார்வை மங்கியவர்கள் குளுக்கோஸ் குடித்தபின் தெளிவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த வரியை எழுதியவர்கள் நோயாளியின் அருகில் இருந்து எழுதியதாகவே தோன்றுகிறது.

பிரதான ஆசாரியன் ஜனங்களுக்காக மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவதும், அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமந்த போக்காடாகிய வெள்ளாடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுவதுமே பாவநிவாரண நாளின் உயிர்நாடி. "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்கிறது 130-ஆம் சங்கீதம். மன்னிக்கப்பட்டவனுக்குள் பிறக்கும் அந்தப் பயம், மருந்தை மறைத்துவைக்கச் சொல்லாது.

சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உணவின்றி உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் என்று தொடங்கி நினைவிழப்புவரை போகலாம். உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே போதகர்களே, நோன்பை அறிவிக்கும் ஞாயிறன்றே, மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கண்டு ஆலோசித்த பின்னரே நோன்பிருக்கலாம் என்று சொல்லுங்கள். ஆராதனை நடுவே வியர்த்து நடுங்கும் சர்க்கரை நோயாளிக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.