ரன்வேயில் நன்றாக ஓடிய இன்ஜின் மேலே போனதும் ஏன் நிற்கிறது?

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த விமானங்களின் வருடாந்திரச் சோதனைக்குக் கையெழுத்துப் போடும் மெக்கானிக் நான். இன்ஜினை எல்லோரும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். டேங்கிலிருந்து அதற்குப் போகும் பெட்ரோல் குழாய்க்குத்தான் அந்தக் கவனம் கிடைப்பதில்லை. டேக்-ஆஃப் ஆன கையோடு பவர் போனது என்று யாராவது வந்தால் நான் முதலில் அங்கேதான் கை வைப்பேன்.

விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்டிஎஸ்பி 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கச் சிறு விமானங்களில் இப்படிச் சொந்தமாகக் கட்டியவை சுமார் 10 சதவீதம்தான். ஆனால் 2011-ன் விபத்துகளில் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுடையவை. அதிகம் அடிபட்ட காரணங்களில் இன்ஜின் கோளாறும் ஒன்று.

"தரையில் ஃபுல் த்ராட்டில் கொடுத்துப் பார்த்தேனே, நன்றாகத்தானே ஓடியது?" என்பார்கள். ஓடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் ஏற்கெனவே பெட்ரோல் இருக்கிறது. டாக்ஸி போகும்போது, அதாவது ரன்வேக்குத் தரையில் ஊர்ந்து போகும்போது, இன்ஜின் குடிப்பதும் கொஞ்சம்தான், பாதி அடைத்த குழாய்கூட ஈடுகொடுத்துவிடும். ஃபுல் பவரில் கிண்ணம் வற்றத் தொடங்கி, முழுசாகக் காலியாவதற்குள் விமானம் சில நூறு அடி ஏறியிருக்கும். பம்ப் இல்லாமல் பெட்ரோல் தானாக இறங்கும் அமைப்பு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மூக்கு தூக்கும்போது கார்புரேட்டரும் மேலே போவதால் டேங்கின் உயரம் தரும் அழுத்தம் குறைந்துவிடும்.

அதனால்தான் ஃப்ளோ டெஸ்டை, அதாவது குழாய் வழியே எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளப்பதை, மூக்கைத் தூக்கி வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். முன்சக்கரத்தை ஏற்றி, டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு, கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி உலோக ஜாடியில் பிடிக்க வேண்டும். ஜாடிக்கு எர்த் கம்பி, பக்கத்தில் தீயணைப்பான், இரண்டும் கட்டாயம். இன்ஜினின் உச்சத் தேவையில் பம்ப் அமைப்புக்கு 125 சதவீதம், பம்ப் இல்லாததற்கு 150 சதவீதம் வர வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்ஏஏவின் வழிகாட்டல்.

100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் டேக்-ஆஃபில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் கணக்கில் 34 லிட்டர் வர வேண்டும், அதாவது 107 விநாடிக்குள் ஒரு லிட்டர். ஒரு விமானத்தில் அந்த ஒரு லிட்டருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. டாக்ஸிக்கு அது தாராளம். டேங்க் வாயிலிருந்த வலையைக் கழற்றினால் சீலன்ட் துணுக்குகளும் ஃபைபர்கிளாஸ் தூளும் அப்பிக்கிடந்தன. கட்டியவர் டேங்கை நன்றாகக் கழுவியதாகத்தான் சொன்னார்.

டேங்கின் காற்றுத்துளையில் குளவி கூடு கட்டியிருப்பது, சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் போகும் ஹோஸில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது, டேங்கின் அடியில் தண்ணீர் தங்குவது, இவற்றையும் பாருங்கள்.

சரி, மேலே நின்றேவிட்டது. உடனே மூக்கை இறக்குங்கள். இலகுவான விமானம் பவர் போனால் வேகத்தைச் சட்டென்று இழந்துவிடும். ரன்வேக்கே திரும்பிவிடலாம் என்று மனசு சொல்லும். ஆனால் 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்க முடியாமல் போகும் வேகம், 19 சதவீதம் கூடுகிறது. 180 டிகிரி திரும்பினாலும் ரன்வேக்குப் பக்கவாட்டில்தான் இருப்பீர்கள், கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். எந்த உயரத்துக்குக் கீழே திரும்ப மாட்டேன் என்பதை த்ராட்டிலைத் தள்ளும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பழைய விமானம் வாங்குபவர்களுக்கு ஒன்று. பாடகர் ஜான் டென்வர் 1997-ல் இறந்தது அவர் பிறரிடம் வாங்கிய லாங்-ஈஸி என்ற சொந்தமாகக் கட்டும் வகை விமானத்தில். அது டேக்-ஆஃப் விபத்து அல்ல. ஆனால் கட்டியவர் டேங்க் மாற்றும் கைப்பிடியைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால், குறியீடு எதுவும் இல்லாமல் வைத்திருந்தார். அதைத் திருப்பும் முயற்சியில்தான் டென்வரின் கட்டுப்பாடு போனது என்றது என்டிஎஸ்பி. விலை பேசும் முன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணை முன்னால் வைத்தபடி அந்தக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் லாக் புக்கில் ஃப்ளோ டெஸ்ட் எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் விற்பவரையே கூட வைத்துக்கொண்டு செய்துவிடலாம், ஒரு மதியம் போதும்.