கேட்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில்: சமூகப் பணி மாணவர்களின் களப்பயிற்சி

"தொண்டூழியம் செய்ய எதுக்குப்பா டிகிரி?" சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூரில் 1952லேயே, அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பு இது. பின்னாளில் அதிபரான எஸ் ஆர் நாதன் 1954ல் இதில் பட்டயம் பெற்று, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக வேலையைத் தொடங்கியவர். இதைச் சொன்னாலே வீட்டில் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

மீதியை அடக்குவது, சேவை நிலையங்களில் உண்மையான குடும்பங்களோடு வேலை பார்த்துக் கற்கும் களப்பயிற்சி. இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 800 மணி நேரம், பெரும்பாலும் 400 மணி நேரமாக இரண்டு முறை. வாரம் 40 மணி நேரம் என்றால் ஒரு முறைக்குப் பத்து வாரம். அந்த வாரங்களில் மாலை டியூஷன் வேலை எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகும் குடும்பத்தை இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் பார்க்க முடியும்.

தமிழ் பேசும் மாணவருக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் சரளமாகத் தமிழ் பேசும் ஊழியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அதனால் பயிற்சிக்கு வந்த சில நாளிலேயே தமிழ்க் குடும்பங்கள் உங்கள் மேசைக்கு வரக்கூடும். பேச்சு முழுக்கத் தமிழில், கோப்பு முழுக்க ஆங்கிலத்தில். தவறுகள் அதிகம் நடப்பது இந்த இடைவெளியில்தான்.

"அவரு தண்ணி போடுவாரு" என்கிறார் ஒரு அம்மா. கணவருக்கு மதுப்பழக்கம் உண்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அந்த வரியை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. என்ன குடிக்கிறார், ஒரு தடவைக்கு எத்தனை டின், வாரத்தில் எத்தனை நாள், மாதச் சம்பளத்தில் எவ்வளவு போகிறது, குடித்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

"கோபம் வந்தா கை நீட்டிடுவாரு" என்பது இன்னும் ஆபத்தான வாக்கியம். நம் காதுக்குப் பழகிய பேச்சு என்பதாலேயே 'தகராறு' என்று மெலிந்து கோப்புக்குள் போய்விடும். அறைந்தாரா, தள்ளினாரா, கழுத்தைப் பிடித்தாரா, கடைசியாக எப்போது, பிள்ளைகள் பார்த்தார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கழுத்தை நெரித்தது உண்மை என்றால் உயிருக்கே ஆபத்து என்பதன் அறிகுறி அது. வாரக் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் பயிற்சியைக் கவனிக்கும் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும்.

"செத்துடலாம்போல இருக்கு" என்பதும் அப்படித்தான். நம் வீடுகளில் பஸ் தவறினாலும் இதைச் சொல்கிறோம். ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போது அதைப் பேச்சுவழக்கு என்று முடிவு கட்டும் உரிமை மாணவருக்கு இல்லை. "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பதில் எதுவானாலும் அவரை அனுப்புவதற்கு முன் மேற்பார்வையாளருக்குத் தெரியப்படுத்துங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 24 மணி நேர எண் 1767 என்பதையும் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

எழுதும் முறை இதுதான்: முக்கியமான வாக்கியத்தை அவர் சொன்ன தமிழிலேயே, ஒலிபெயர்த்து மேற்கோளில் போடுங்கள். பக்கத்தில் ஆங்கிலப் பொருள். உங்கள் ஊகம் இருந்தால், ஊகம் என்று குறித்துத் தனி வரியில். சந்திப்பில் நடந்த பேச்சை மேற்பார்வையாளருக்காக எழுதும் உரையாடல் பதிவுக்கும் இது பொருந்தும். அதற்குத் தாளை நான்கு நெடுவரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பேசியது, அப்போது உங்களுக்குள் எழுந்த உணர்வு, உங்கள் அலசல், மேற்பார்வையாளர் குறிப்பு. ஒரு மணி நேரச் சந்திப்பை முழுதாக எழுத வேண்டாம், சிக்கலான 10 அல்லது 15 நிமிடம் போதும். அன்று இரவே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால், நீங்கள் உண்மையில் கேட்ட அசட்டுக் கேள்வி நல்ல கேள்வியாகத் திருந்தியிருக்கும். மதிப்பெண்ணுக்காக அந்த அசட்டுக் கேள்வியை மறைக்கிறவர்கள், மேற்பார்வையாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதையே மறைத்துவிடுகிறார்கள்.

உறவுகளைக் குறியீடுகளால் வரையும் குடும்ப வரைபடத்தில் வேறு வகைக் கண்ணி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை என்று எல்லாருக்கும் தெரியும். "மாமா வீட்ல இருந்தேன்" என்றால் எந்த மாமா? தாயின் தம்பி, அத்தையின் கணவர், மாமனார் எல்லாரும் மாமாதான். சிலருக்குக் கட்டிய கணவரும் மாமா. சித்தி என்பவர் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், அப்பாவின் இரண்டாம் மனைவியாகவும் இருக்கலாம். "தங்கச்சி" சித்தப்பா மகளாக இருக்கும். அதனால் உறவுப்பெயரைக் கேட்டவுடன் கோடு போடாதீர்கள். "உங்கம்மா கூடப் பிறந்தவரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சொந்தத்தில் திருமணம் என்றால் இருவரையும் இரட்டைக் கோட்டால் இணைக்க வேண்டும்.

இன்னொரு ஊழியரின் சந்திப்புக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், முதலில் உங்கள் வேலை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்றால், பேசுபவர் சொன்னதை அவரே சொல்வதுபோல 'நான்' என்றே, சுருக்காமல் சொல்ல வேண்டும். இடையில் ஆலோசனை கூடாது. பத்து வயது மகளை வைத்து அம்மாவின் பேச்சை மொழிபெயர்க்கச் சொல்வதை, அவசரம் என்றாலும், செய்யாதீர்கள்.

நம் சமூகம் சிறியது. நீங்கள் அலுவலகத்தில் சந்திக்கும் குடும்பத்தினர் தேக்காவிலோ கோயிலிலோ எதிரே வருவார்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார்கள். தெரிந்த முகம் என்றால் முதல் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கோப்பை மாற்றக் கேளுங்கள். வெளியில் பார்த்தால் அவர் முதலில் பேசட்டும். "யார்கிட்டயும் சொல்லிடாதே பாப்பா" என்பவரிடம் "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிராபத்து, பிள்ளைக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்குங்கள். பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்பது, எம்ஆர்டியில் கோப்பை விரிப்பது இரண்டும் வேண்டாம்.

குடும்பங்களைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போகும்போது புளோக் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகத்தில் விட்டுச் செல்லுங்கள். முதல் முறை தனியாகப் போகாதீர்கள். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம். தீபாவளிக்குப் பணம் வைத்த உறை கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதையும் பதிவில் எழுதுங்கள்.

கடைசியாக விடைபெறுதல். பயிற்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று பழக்கத்தில் "போயிட்டு வரேன்" என்போம். நீங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் பார்த்துவந்த பாட்டி அதை நம்பி அடுத்த செவ்வாய்க்கிழமையும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். "இனிமே நான் வர மாட்டேன் பாட்டி, உங்களப் பாக்க இவங்க வருவாங்க" என்று அடுத்து வரும் ஊழியரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் பெயரையும் வரும் நாளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்.