கட்டணம் பூஜ்யம் என்பார்கள்: முதல் கிரிப்டோ வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது என் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் நாலைந்து பேராவது வந்து உட்காருவார்கள். "பத்தாயிரத்துக்கு பிட்காயின் வாங்கினேன் சார். விலை இறங்கவே இல்லை, ஆனா காசு குறைஞ்சிருக்கு. எங்கே போச்சுன்னே தெரியலை." கணக்கைத் திறந்து பார்த்தால் திருட்டு எதுவும் நடந்திருக்காது. எல்லாம் விதிப்படிதான் போயிருக்கும்.

சட்டம் இவ்வளவுதான். கிரிப்டோ வாங்குவது இந்தியாவில் குற்றமில்லை. அது செல்லுபடியாகும் நாணயமும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, செஸ் சேர்த்தால் 31.2. அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்ளும் வரி. 2023 மார்ச்சிலிருந்து, கிரிப்டோ வாங்கி விற்க உதவும் செயலிகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத செயலியின் பக்கமே போகாதீர்கள். பதிவு இருக்கிறது என்பதற்காகப் பணம் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

இனி கட்டணம். விளம்பரத்தில் 'பூஜ்யம்' என்று போட்டிருந்தால் காசை வேறு இடத்தில் எடுக்கிறார்கள் என்று பொருள். அந்த இடம் விலை. செயலியைத் திறந்ததும் பெரிதாகத் தெரியும் 'வாங்கு' பொத்தானில் ஒரு விலை இருக்கும். அதே நிமிடம் 'விற்பனை' விலையையும் பாருங்கள். நூற்றுக்கு மூன்று நான்கு ரூபாய் இடைவெளி இருந்தால் அதுதான் உங்கள் கட்டணம். ரசீதில் அது வராது. பெரிய செயலிகளில் 'ஸ்பாட்' என்றோ 'ப்ரோ' என்றோ இன்னொரு பக்கம் இருக்கும். வாங்குபவர்களும் விற்பவர்களும் கேட்கும் விலைகள் அங்கே வரிசையாகத் தெரியும். நமக்கு வேண்டிய விலையை 'லிமிட் ஆர்டர்' ஆகப் போட்டுக் காத்திருக்கலாம். கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அரை சதவீதக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்துக்கு 50, ஜிஎஸ்டி 9, ஆக 59 ரூபாய். கண்ணுக்குத் தெரிகிற 59, தெரியாத 300ஐ விட மேல்.

இன்னொரு வழக்கம், முதலில் யூஎஸ்டிடி என்ற, டாலர் விலையை ஒட்டியே நிற்கும் காயினை வாங்கி, அதைக் கொடுத்து பிட்காயின் வாங்குவது. யூடியூபில் பலரும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இந்தியாவில் யூஎஸ்டிடி பெரும்பாலும் டாலரின் உண்மை விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாகத்தான் கிடைக்கும். அதோடு, ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது வரிச் சட்டத்தின் பார்வையில் விற்பனை. அதற்கும் டிடிஎஸ், அதற்கும் லாபக் கணக்கு. ரூபாய்க்கு நேராக வாங்க முடிகிறதென்றால் சுற்றி வளைக்காதீர்கள்.

"ஐம்பதாயிரம் வரை டிடிஎஸ் கிடையாதாமே?" என்று கேட்பார்கள். சட்டத்தில் 10,000, 50,000 என்று வரம்புகள் இருப்பது உண்மை. ஆனால் செயலிகள் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பிடித்துவிடுகின்றன. பிடித்ததைத் திரும்ப வாங்க ஒரே வழி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் இதைக் காட்ட முடியாது. ஐடிஆர்-2 எடுத்து அதில் கிரிப்டோவுக்கென்று உள்ள விடிஏ அட்டவணையை நிரப்ப வேண்டும். இந்த 1 சதவீதத்தை அப்படியே விட்டுவிடும் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதைவிட வலிப்பது நஷ்டக் கணக்கு. ஒரு காயினில் 20,000 லாபம், இன்னொன்றில் 20,000 நஷ்டம். கையில் நிற்பது ஒன்றுமில்லை, ஆனால் வரி 6,240 ரூபாய். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. "எனக்கு வருமானமே இல்லையே" என்பதும் எடுபடாது. அடிப்படை விலக்கு வரம்பும், 12 லட்சம் வரை வரியில்லை என்கிற சலுகையும் இந்த லாபத்துக்குப் பொருந்தாது. இந்த விதியை எழுதியவர்கள் பத்தாயிரம் ரூபாய் போட்டு அலைந்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பாஸ்புக்கில் எஸ். முருகன், பான் அட்டையில் முருகன் சுப்பிரமணியன், ஆதாரில் வெறும் முருகன். கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும், சில சமயம் அது தேறிவிட்டு, பணம் அனுப்பிய பிறகு பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவைப்பார்கள். அப்புறம் அலைச்சல்தான். வங்கியில் கேட்டால் ஆதாரைச் சரிசெய்து வா என்பார்கள். ஆதார் மையத்தில் வேறு அடையாள ஆவணம் கொண்டு வா என்பார்கள். அந்த ஆவணத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பான் அட்டையில் உள்ளபடியே மற்ற இரண்டையும் கொண்டுவருவது நல்லது. பான், ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தால் டிடிஎஸ் 1 அல்ல, 20 சதவீதம். பணத்தையும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். கணவர் கணக்கு, அண்ணன் ஜிபே எல்லாம் வேண்டாம்.

கிரிப்டோ என்று தெரிந்ததும் சில வங்கிக் கிளைகளில் முகம் மாறும். கிரிப்டோவுக்குச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையைக் காட்டி மறுத்தால், 2020 மார்ச் 4 அன்றே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது என்று சொல்லுங்கள். இனி அதைக் காரணம் காட்டக் கூடாது என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். ஆனால் புகார் செயலியின் மேல் என்றால் அந்தக் குறைதீர்ப்பாளர் உதவ மாட்டார். வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் இங்கே இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற செயலியிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவுபோன பிறகு, வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த விவகாரத்தில் வந்த ஒரு வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றது.

கட்டணத்துக்குப் பயந்து 'பி டு பி' பக்கம் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். முன்பின் தெரியாத ஒருவரிடம் நேராக வாங்குவது, விற்பது. கட்டணம் மிச்சம்தான். நீங்கள் விற்கும்போது உங்கள் கணக்கில் விழும் பணம் யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான சைபர் புகாரில் உங்கள் கணக்கு முடங்கும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அனுப்பப்பட்டது 4,000 ரூபாய். முடங்கியது அவன் சம்பளக் கணக்கு முழுவதும். கிளையில் "போலீஸிடம் கேளுங்கள்" என்றார்கள். உள்ளூர் நிலையத்தில் "இது எங்கள் கேஸ் இல்லை" என்றார்கள். வெளி மாநில நிலையத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. ஐந்து மாதம்.

அப்படி ஆகிவிட்டால் புகார் எண், முடக்கச் சொன்ன காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி மனு கொடுங்கள். கேரள, சென்னை உயர் நீதிமன்றங்கள் இப்படி உத்தரவிட்டிருக்கின்றன. வாய்மொழியாகக் கேட்டு அலைவதில் பயனில்லை.

சரி, எந்தச் செயலி மலிவு? நான் பெயர் சொல்லப் போவதில்லை, கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 500 ரூபாய்க்கு வாங்கி, உடனே விற்று, பணத்தை வங்கிக் கணக்குக்கே திரும்ப எடுங்கள். எவ்வளவு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் 5 ரூபாய் போக மீதிக் குறைவுதான் அந்தச் செயலியின் உண்மையான கட்டணம். காயினைச் சொந்த வாலட்டுக்கு (செயலிக்கு வெளியே உங்கள் கையிலேயே இருக்கும் காயின் பெட்டி) மாற்ற விடுகிறார்களா, அதற்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் அப்போதே பாருங்கள். சில இடங்களில் வாங்கலாம், வெளியே எடுக்க முடியாது.

அந்த 500 ரூபாய்ச் சோதனையையும் விடிஏ அட்டவணையில் காட்டத்தான் வேண்டும். மார்ச் 31 முடிந்ததும் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் வரும்போது அந்தக் கோப்பை மறக்காமல் கொண்டு வாருங்கள்.