கும்பாபிஷேகம் வருகிறதா? தரையில் கை வைக்காதீர்கள்

போன மாதம் இன்னொரு கோயில். காவிரிக் கரையில் சின்னச் சிவன் கோயில், சோழர் காலத்துக் கட்டடம். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்று திருப்பணிக் குழு கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. பிராகாரம் முழுக்கக் கான்கிரீட் நிரப்பி, மேலே பளபளவென்று கிரானைட். அர்த்த மண்டபத்தில் எல்இடி வரிசை. கொடிமரத்தைச் சுற்றி எவர்சில்வர் தடுப்பு. பழைய கட்டடங்களின் பழுதை நீக்குவது என் தொழில். அங்கே பழுதே இப்போதுதான் வந்திருந்தது.

"அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை, அதான் இருட்டாகக் கட்டிவிட்டார்கள்." எந்த ஊருக்குப் போனாலும் இதே வசனம். ஐயா, நாலு பக்கமும் திறந்த மண்டபம் கட்டத் தெரிந்தவர்கள் கருவறைக்கு மட்டும் ஜன்னல் வைக்க மறந்துபோனார்களா? கோபுர வாசல், மகா மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை என்று உள்ளே போகப் போக இடம் குறுகும், வெளிச்சம் மங்கும். வெயிலிலிருந்து வரும் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்களாவது வேண்டும். அந்த நேரத்தை நடந்து வரும் தூரத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நடை தானாகத் தளரும், பேச்சு அடங்கும், கற்பூரம் காட்டும்போது சுவாமி தெரிவார். டியூப்லைட் போட்ட சன்னதியில் முதலில் தெரிவது உபயதாரர் பெயர்தான்.

பலிபீடமும் கொடிமரமும் நந்தியும் நேர்வழியை மறிப்பது இட நெருக்கடியால் அல்ல. இடப்பக்கம் ஒதுங்கினால் வலம் வரத் தொடங்கியாயிற்று. விழுந்து கும்பிடும் இடமும் கொடிமரத்தருகேதான். அங்கே கம்பி போட்டால் எங்கே விழுவது?

தரை விஷயம் இன்னும் மோசம். அரை அடி உயர்த்தினாலே வாசல் நிலையின் குறுக்குக்கல் மூழ்கிவிடும். அதைத் தாண்டத்தான் குனிந்து காலைப் பார்ப்போம். இப்போது நிமிர்ந்து நடந்து, தாழ்ந்துபோன மேல்நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார்கள். சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தின் அடிவரிசைகள் கல்வெட்டோடு புதைகின்றன. மழைநீர் உள்ளே பாய்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க்குடம் ஏந்தி நடப்பதுபோல வலம் வரச் சொன்னார்கள் பெரியவர்கள்; அபிஷேகத் தண்ணீர் பட்ட பாலிஷ் கல்லில் வழுக்கி விழும் பயத்தில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள்!

ஸ்ரீரங்கம் திருப்பணியில் பிற்கால அடைப்புகளை அகற்றி, பழைய மழைநீர் வடிகால்களை மீட்டார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. எடுத்ததற்கும் விருது உண்டு, கவனியுங்கள்.

சரி, செய்ய வேண்டியவை. உளியால் பொளிந்த பழைய கல் தளத்தை அப்படியே விடுங்கள். ஆடினால் அதே கல்லை மட்டம் பார்த்துத் திரும்பப் பதியுங்கள். சூட்டுக்குத் தேங்காய்நார் விரிப்பு போதும். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் குறுக்குக்கல்லை வெட்டாதீர்கள், எடுத்து வைக்கும் மரச் சாய்தளம் செய்யுங்கள். கூட்டத்துக்குத் தடுப்பு வேண்டுமா? கழற்றக்கூடியதாக, திருவிழா நாளில் மட்டும். உபயம் செய்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பணத்தில், கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள், வடிகாலைத் தூர்வாருங்கள்.

ஏற்கெனவே கிரானைட் போட்டாயிற்றா? அவசரப்பட்டு பிரேக்கர் மெஷினை இறக்காதீர்கள். அடியில் கல்வெட்டு இருக்கலாம். அறநிலையத்துறையின் தொல்லியல் வல்லுநருக்கு எழுதுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம்.