நூறாண்டு மழை பெய்தால் நூறாண்டு வெள்ளம் வருமா?

ஓர் ஆற்றில் அதிகபட்சம் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட ஒரு காலத்தில் மழை அளவே தேவைப்படவில்லை. சென்னை மாகாணத்து ஆறுகளுக்காக 1884-இல் உருவான ரைவ்ஸ் சூத்திரம் கேட்பது நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பு ஒன்றைத்தான். பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தின் கனமூலத்தைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் கெழு 6.8. அதைத் தாண்டி 160 கிலோமீட்டர் வரை 8.5. மலையை ஒட்டிய சில பகுதிகளுக்கு 10.2. அவ்வளவுதான். கடலோரத்தில் 100 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வினாடிக்கு 147 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 5,200 கனஅடி என்று விடை வந்துவிடும்.

இந்தச் சூத்திரத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. பார்த்த வெள்ளங்களிலிருந்து பிழிந்தெடுத்த அனுபவம் அது. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. அந்த 5,200 கனஅடி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்? வயல்காடு முழுக்க வீட்டுமனை ஆகிவிட்டால் எவ்வளவு கூடும்? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும் என்றால் மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெக்-எச்எம்எஸ் போன்ற மென்பொருட்கள் செய்வது அதைத்தான். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் உருவாக்கியது அது. இலவசமாகக் கிடைப்பதால் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் பரவலாகப் புழங்குகிறது. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ரோர்ப் என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது. பெயரும் உள்ளே இருக்கும் சமன்பாடுகளும் வேறு, அடிப்படை யோசனை ஒன்றே.

ஆற்றையே நேரடியாக அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அளக்கலாம், ஆனால் பதிவு வேண்டுமே. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓர் ஆற்றில், வெள்ளம் வரும் நாலைந்து நாளில், கரை வழிய ஓடும் நீரை யார் நின்று அளந்து வைத்திருக்கிறார்கள்? மழைமானி அப்படி இல்லை. சென்னையின் மழைப் பதிவு 1813-இல் இருந்தே இருக்கிறது. நீண்ட மழைப் பதிவைக் கொண்டு, குறுகிய அல்லது இல்லவே இல்லாத ஆற்றுப் பதிவின் இடத்தை நிரப்புவதே இந்த மென்பொருட்களின் வேலை.

பாலமோ அணையோ கட்டும்போது எந்த வெள்ளத்துக்குத் தாங்கும்படி கட்டுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் அளவுக்கு வடிவமைப்பு வெள்ளம் என்று பெயர். பாலங்களுக்கு 50 அல்லது 100 ஆண்டு வெள்ளம் போதும் என்று வைத்துக்கொள்வார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்து போகும் என்று பொருள் அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவைத் தொடவோ தாண்டவோ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இந்த ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டு வராமல் இருக்காது. கணக்குப் போட்டால், ஒரு வீட்டுக் கடனை அடைக்கும் 30 ஆண்டுகளுக்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்க 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது.

பெரிய அணைகளுக்கு நூறாண்டு போதாது. அங்கே இயற்கையில் சாத்தியமான மிகப் பெரிய மழையிலிருந்து வரும் வெள்ளத்தையே எடுத்துக்கொள்வார்கள். இந்த எண்ணைக் குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தின் மச்சு-2 அணை சாட்சி. வினாடிக்கு 5,663 கனமீட்டர், பழைய கணக்கில் சரியாக 2 லட்சம் கனஅடி, வெளியேறும்படி அதன் உபரிநீர்ப் போக்கியைக் கட்டியிருந்தார்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று வந்தது ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. மண் கரை உடைந்து மோர்பி நகரத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போனது.

சரி, மென்பொருளுக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் நிலத்தைப் பிரிக்க வேண்டும். செயற்கைக்கோள் தரும் உயர வரைபடத்தைக் கொடுத்தால், எந்தத் துளி எந்த ஓடைக்குப் போகும் என்று கண்டறிந்து, படுகையை, அதாவது ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பை, சிறு சிறு உட்படுகைகளாக அதுவே வெட்டிக் கொடுத்துவிடும். மலைப்பாங்கான இடத்தில் இது அழகாக வரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போன்ற தட்டையான நிலத்தில் ஓர் ஏரிக்கரையோ நெடுஞ்சாலை மேடோ நீரை வேறு பக்கம் திருப்பிவிடும். வரைபடத்தில் அது தெரியாமலும் போகலாம். நேரில் போய் எந்தக் கலங்கலின் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) நீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று பார்க்காமல் போட்ட எல்லைக்கோட்டை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது மழை. நூறாண்டு மழை என்று ஒற்றை எண் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. 24 மணி நேரத்தில் 200 மில்லிமீட்டர் என்று எடுத்தாலும், அது சீராகத் தூறியதா, நடுவில் மூன்று மணி நேரம் கொட்டித் தீர்த்ததா என்பதைப் பொறுத்து வெள்ளத்தின் உச்சம் மாறும். இந்தப் பங்கீட்டைத் தேர்ந்தெடுப்பது மென்பொருள் அல்ல, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்.

பெய்த மழையில் எவ்வளவு ஓடும்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் கொண்டுவந்த வளைவு எண் முறை இன்றும் அதிகம் பயன்படுகிறது. மண்ணின் வகை, அதன் மேல் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து நிலத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். 100 என்றால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காத தரை. குறையக் குறைய நிலம் அதிகம் உறிஞ்சும். வளைவு எண் 70 உள்ள நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 33 மில்லிமீட்டர்தான் ஓடும். 200 பெய்தால் 111 ஓடும். 300 பெய்தால் 200 ஓடும். மழை மூன்று மடங்கு, ஓட்டம் ஆறு மடங்கு! முதலில் விழும் மழை மண்ணின் தாகத்தைத் தீர்க்கப் போய்விடுகிறது. பின்னால் வருவதில் பெரும்பகுதி ஆற்றுக்கு வருகிறது. அந்தத் தாகம் ஏற்கெனவே தீர்ந்திருந்தால்? அதாவது அதற்கு முந்தைய ஐந்து நாளும் நல்ல மழை என்றால், அதே நிலத்தின் எண் 70-இல் இருந்து 85-க்கு ஏறிவிடும். அப்போது 100 மில்லிமீட்டர் மழைக்கு 33 அல்ல, 61 ஓடும்.

ஓடும் நீரின் மொத்த அளவு தெரிந்துவிட்டது. ஆனால் பாலத்தைப் புரட்டுவது மொத்த அளவு அல்ல, உச்ச வேகத்தில் வரும் ஒரு மணி நேரம். அதைக் கண்டுபிடிக்க 1932-இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு எளிய வழி சொன்னார். ஒரு படுகை முழுவதும் ஒரு சென்டிமீட்டர் நீர் குறுகிய நேரத்தில் ஓடத் தொடங்கினால் ஆற்றில் நீர் எப்படி ஏறி இறங்கும் என்ற கோட்டை ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். ஐந்து சென்டிமீட்டர் என்றால் அந்தக் கோட்டின் உயரத்தை ஐந்தால் பெருக்குங்கள். மழை மணிக்கு மணி மாறினால், ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோட்டை, ஒரு மணி தள்ளித் தள்ளி வைத்துக் கூட்டுங்கள். இதற்கு அலகு நீர்வரைபடம் என்று பெயர். கையால் செய்தால் ஒரு நாள் போய்விடும் கூட்டலை மென்பொருள் நொடியில் முடித்துவிடுகிறது.

இந்தக் கோட்டின் வடிவம் படுகை எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதைப் பொறுத்தது. 100 சதுர கிலோமீட்டர் படுகையில் அந்த ஒரு சென்டிமீட்டர் நீர் பத்து மணி நேரத்தில் உச்சம் தொட்டால் உச்சம் வினாடிக்கு 21 கனமீட்டர். ஓடைகளைச் சிமெண்ட் கால்வாயாக்கி, தெருவெல்லாம் தார் போட்டு ஐந்து மணி நேரத்தில் உச்சம் தொட வைத்தால் 42. ஒரு சொட்டுகூட அதிகம் பெய்யவில்லை, உச்சம் மட்டும் இரட்டிப்பு. நகரமாக்கல் வெள்ளத்தைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் ஒரு பாதி மண் மூடப்படுவது. மறுபாதி இந்த அவசரம். பின்னதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்புறம் ஒவ்வொரு உட்படுகையின் வெள்ளத்தையும் ஆற்று வழியே கீழே நகர்த்தி, சேரும் இடங்களில் கூட்டி, நீர்த்தேக்கங்களில் தேக்கி விடுவித்துக் கடைசிப் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். இதுவும் மென்பொருளின் வழக்கமான வேலைதான். நம் ஊருக்கு வந்தால் மட்டும் அது வழக்கமான வேலையாக இருப்பதில்லை. காரணம் ஏரிகள்.

வட தமிழ்நாட்டுப் படுகைகளில் ஓர் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியை ஓர் உதாரணக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 100 சதுர கிலோமீட்டர் படுகை, வளைவு எண் 70, அதிலுள்ள ஏரிகள் எல்லாம் சேர்ந்து 80 லட்சம் கனமீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஏரிகள் காலி. 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓடி வருவது 33 லட்சம் கனமீட்டர். எல்லாம் ஏரிகளுக்குள் அடங்கிவிடும், ஆற்றில் நீரே வராது. 300 மில்லிமீட்டர் பெய்தால் ஓடுவது 200 லட்சம். ஏரிகள் 80 லட்சத்தைப் பிடித்துக்கொள்ள 120 லட்சம் ஆற்றுக்கு வரும். இப்போது ஏரிகள் தளும்பி, மண்ணும் ஊறிக் கிடக்கும்போது அதே 300 மில்லிமீட்டர் பெய்கிறது. வளைவு எண் 85. ஓடுவது 252 லட்சம். பிடித்துவைக்க யாரும் இல்லை. அப்படியே ஆற்றுக்கு. மழை ஒன்றுதான், வெள்ளம் இரண்டு மடங்கு.

2015-இல் அடையாற்றில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. 1918-க்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு நவம்பர் வந்ததில்லை. செம்பரம்பாக்கம் மட்டுமல்ல, தாம்பரம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளும் ஏற்கெனவே நீரால் கனத்துக் கிடந்தன. அதன் மேல் டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் பெரிது, அதற்குள் இங்கே போகவில்லை. கணக்குப் போடுபவருக்கு வேறொன்று முக்கியம். அதே 49 சென்டிமீட்டர் அக்டோபர் முதல் வாரத்தில், ஏரிகள் காய்ந்து கிடக்கும்போது பெய்திருந்தால் அடையாற்றில் வந்திருக்கும் வெள்ளம் வேறு.

வழக்கமான வடிவமைப்புக் கணக்கின் அடியில் ஒரு அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: நூறாண்டு மழையைக் கொடுத்தால் நூறாண்டு வெள்ளம் கிடைக்கும். நடுவில் வரும் மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது மண் ஈரம், ஏரி மட்டம், மழையின் பங்கீடு எல்லாவற்றுக்கும், ஒரு நடுத்தர மதிப்பைப் போட்டுவிட்டால் போதும் என்று நம்புகிறோம். மண்ணும் ஏரியும் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும் நாட்டில் இது ஓரளவு ஓடும். ஒன்பது மாதம் வறண்டு மூன்று மாதத்தில் நிரம்பும் வடகிழக்குப் பருவமழை நாட்டில் நடுத்தர ஏரி என்று ஒன்று எங்கே இருக்கிறது? பாதி நிரம்பிய ஏரி என்று போட்டால், அது வருகிற எண்ணை அழகாக்கும், உண்மையாக்காது. சுமாரான மழையும் தளும்பும் ஏரியும் சேர்ந்தால் நூறாண்டு வெள்ளம் வரலாம். நூறாண்டு மழையும் காலி ஏரியும் சேர்ந்தால் இருபதாண்டு வெள்ளம்கூட வராமல் போகலாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டி 2016-இல் ஒற்றை மழைப் பங்கீட்டைக் கைவிட்டு, பத்து விதமான பங்கீடுகளை ஓட்டிப் பார்க்கச் சொன்னது. இன்னும் ஒரு படி மேலே போய், மழை அளவு, பங்கீடு, மண் ஈரம், ஏரி மட்டம் ஒவ்வொன்றையும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து ஆயிரக்கணக்கான முறை மென்பொருளை ஓட்டலாம். வரும் ஆயிரக்கணக்கான உச்சங்களை வரிசைப்படுத்தி, அதிலிருந்து நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்தை எடுக்கலாம். அல்லது பல பத்தாண்டு மழைப் பதிவை நாள்தோறும் ஊட்டி, ஏரிகளை அதன் போக்கில் நிரம்பவும் வற்றவும் விட்டு, என்ன வெள்ளம் வருகிறது என்று பார்க்கலாம். முன்பு இதற்குக் கணினி நேரம் தடையாக இருந்தது. இப்போது தடை வேறு: ஏரிகளின் கொள்ளளவு, கலங்கலின் நீளம், தூர்ந்துபோன ஆழம், நவம்பர் முதல் தேதி நீர்மட்டம் என்ன என்ற பழைய ஏட்டுப் பதிவுகள் ஆகியவை கையில் இல்லாதது.

எந்த முறையில் போட்டாலும் சரிபார்க்க ஒரு உண்மையான வெள்ளம் வேண்டும். அளவீட்டு நிலையம் இல்லாத ஆற்றில் வெள்ளம் வடிந்த வாரத்தில் சுவர்களிலும் பாலத் தூண்களிலும் இருக்கும் சேற்றுக் கோட்டை அளப்பார்கள். கோட்டின் உயரம், ஆற்றின் குறுக்குவெட்டு, தரையின் சரிவு மூன்றும் தெரிந்தால் உச்சத்தில் எவ்வளவு நீர் போனது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். அந்த நாளின் உண்மையான மழையையும் உண்மையான ஏரி மட்டத்தையும் கொடுத்து ஓட்டும்போது மென்பொருள் அந்தச் சேற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால், அப்புறம் நூறாண்டு மழையைக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் மேலேயோ கீழேயோ போனால் வளைவு எண்ணிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.