வெள்ளை விளக்குக்குள் ஏன் மஞ்சள் பொட்டு?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பியூஸ் போன எல்.இ.டி. பல்பைக் கழற்றிப் பார்த்தேன். மூடிக்குள் தகட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டங்கள். எரிந்தபோது வெள்ளையாகத்தானே எரிந்தது! அந்த மஞ்சள் எங்கே போனது?”

அருமையான கேள்வி. முதலில் மின்சாரக் கணக்கை முடித்துவிடுவோம். குண்டு பல்பு, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒளி தருவது. வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளிச்சமாகும், மற்றதெல்லாம் சூடு. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதப் பில்லில் முன்னதுக்கு 18 யூனிட், பின்னதுக்கு 2.7 யூனிட்.

எல்.இ.டி.யில் எதையும் காய்ச்சுவதில்லை. இரண்டு வகைக் குறைகடத்திகள் (மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள்கள்) ஒட்டும் இடத்தில் எலக்ட்ரான்கள் மதகில் இறங்கும் வாய்க்கால் தண்ணீர் போல மேலிருந்து கீழே விழுகின்றன. விழும்போது விடும் ஆற்றல்தான் ஒளி. விழும் உயரம் குறைவென்றால் சிவப்பு, கூடினால் நீலம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நீலத்துக்கு வேண்டிய காலியம் நைட்ரைடு என்ற படிகத்தைப் பழுதில்லாமல் வளர்க்க முடியாமல் பலரும் கைவிட்டார்கள். ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் விடவில்லை. 2014-இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். ‘அடுத்த வருடம் இதனால் என்ன லாபம்?’ என்று கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்றால் இப்படிப்பட்ட வேலை முதல் ஆண்டிலேயே நின்றுபோயிருக்கும். நம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கும் அந்தப் பொறுமையோடு நிதி வரவேண்டும் என்பது என் ஆசை.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். அந்தக் கட்டத்துக்கு அடியில் இருப்பது நீல விளக்கு மட்டுமே! மேலே பூசியிருப்பது இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தின் தூள். அதில் துளியளவு சீரியம் என்ற உலோகம். நீல ஒளித்துகள் ஒன்று வந்ததும் சீரியத்தின் எலக்ட்ரான் அதை விழுங்கி மேல்படிக்கு ஏறுகிறது. அது ஏறியதும் சுற்றியுள்ள அணுக்கள் நெளிந்து இடம் மாறுகின்றன. அந்த அசைவில் கொஞ்சம் ஆற்றல் சூடாகக் கரைந்துவிடும். மிச்சத்தோடுதான் எலக்ட்ரான் கீழே விழ முடியும். ஆகவே 2.75 எலக்ட்ரான் வோல்ட்டோடு (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) நீலமாக வந்தது, 2.2 அளவில் மஞ்சளாகப் போகிறது. அணுக்கள் ஓயாமல் அதிர்வதால் விழும் உயரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அதனால் பச்சை முதல் சிவப்பு வரை பரந்த ஒளி கிடைக்கிறது. ஏறி இறங்குவதற்கு ஆகும் நேரம் சராசரியாக நொடியில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. தூளில் சிக்காமல் நழுவிய நீலமும் இதோடு சேர, கண்ணின் மூன்று வகை நிற உணரிகளும் ஒன்றாகத் தூண்டப்பட்டு வெள்ளை தெரிகிறது.

அணைந்திருக்கும்போதும் தூள் சும்மா இருப்பதில்லை. பகல் வெளிச்சத்திலுள்ள நீலத்தை விழுங்குகிறது. நீலம் போன வெள்ளை மஞ்சளாகத்தானே தெரியும்? மாணவி பார்த்த மஞ்சள் அதுதான்.

நம் அடுக்களை மஞ்சள்தூளுக்கும் இந்த வித்தை தெரியும். ஒரு சிட்டிகையைக் கை கழுவும் சானிடைசரில் கலக்கித் தெளியவிட்டு, இருட்டில், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டுங்கள், பச்சையாக ஒளிரும். அடுப்புப் பக்கம் வேண்டாம், சானிடைசர் தீப்பிடிக்கும். விளக்கைக் கண்ணில் அடிக்கவும் கூடாது.

தூளின் அளவைக் கூட்டி, சிவப்பு தரும் வேறொரு தூளையும் சேர்த்தால் இளமஞ்சள் வெளிச்சம் வரும். அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும்; வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு அது. டெல்டாவில் பெரும்பாலும் 6500 கெல்வின் தூய வெள்ளையைத்தான் கேட்டு வாங்குகிறோம். வாசலுக்கு இளமஞ்சளே நல்லது என்பேன். பூச்சிகளின் கண்ணை நீலமும் புற ஊதாவும் அதிகமாக இழுக்கும். ஐப்பசியில் சம்பா வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக விளக்கைத் தேடி வருமே, திண்ணையில் பல்பை மாற்றிய பிறகு எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டில் விழுவது நன்றாகவே குறைந்திருக்கிறது.